ஊர்ப் பட்டியலை இணையப் படிவத்தில் ஏற்றும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மட்டக்களப்பு மாவட்டத்தில் 14 பிரதேச செயலகப் பிரிவுகளும் 300க்கும் மேற்பட்ட கிராம அலுவலர் பிரிவுகளும் உள்ளன. இவற்றை இணையப் படிவத்தின் தெரிவுப் பட்டியலில் ஒவ்வொன்றாகத் தட்டெழுதாமல், தரவுகளை ஒழுங்காகச் சேமிக்கும் ஜேசன் அல்லது சிஎஸ்வி வடிவக் கோப்பிலிருந்து ஏற்றுவதே முறை. ஆனால் கோப்பில் குறையில்லாதபோதும் படிவம் பிழைபடுவதைப் பலமுறை கண்டிருக்கிறேன்.

பயனர் கண்ணால் காணும் பெயரையே, தெரிவின் மதிப்பாகவும், அதாவது படிவம் கணினிக்கு அனுப்பும் தரவாகவும் வைத்துவிடுவது முதன்மையான தவறாகும். வெள்ள நிவாரணப் பதிவுக்காக நாங்கள் அமைத்த படிவமொன்றில், இணையத்தில் வந்த பதிவுகளையும் காகிதப் படிவங்களிலிருந்து எக்செலில் ஏற்றிய பதிவுகளையும் ஒன்றுசேர்த்தபோது, கொக்கட்டிச்சோலைக் குடும்பங்கள் அறிக்கையில் இரண்டு வரிகளாகப் பிரிந்து நின்றன. திரையில் இரண்டு பெயர்களுக்கும் எந்த வேறுபாடும் தெரியவில்லை. 'கொ' என்பதில் வரும் உயிர்க்குறியை யூனிகோடில் 'ொ' என்ற ஒரே குறியாகவும் இடலாம். 'ெ', 'ா' என இரு குறிகளை அடுத்தடுத்தும் இடலாம். நமக்கு ஒன்றாகத் தெரிவது கணினிக்கு இரு வேறு சொற்கள். ஆகவே பெயரைப் பார்வைக்கு மட்டும் வைத்து, பிரிவின் குறியீட்டை மதிப்பாக அனுப்ப வேண்டும்; பெயர்களையும் ஏற்றுவதற்கு முன்பே, இத்தகைய இரு குறிகளை ஒரே குறியாக்கும் என்எஃப்சி என்ற யூனிகோட் வடிவுக்கு மாற்றிவிட வேண்டும். கிராம அலுவலர் பிரிவு இலக்கங்கள் சிலவற்றில் எழுத்தும் சேர்ந்து வருவதால், குறியீட்டை எண்ணாக மாற்றாமல் எழுத்துச்சரமாகவே பேண வேண்டும். ஆங்கில எழுத்துகளின் குறிகளுக்குத் தமிழ் உருவம் கொடுக்கும் பாமினி எழுத்துருவில் தட்டெழுதிய பழைய பட்டியலாயின், யூனிகோடுக்கு மாற்றாவிட்டால் பட்டியலில் ஆங்கில எழுத்துகளே சிதறிக் கிடக்கும்.

வரிசைப்படுத்துவதிலும் கவனம் தேவை. இணையப் பக்கங்களை இயக்கும் நிரல்மொழியான ஜாவாஸ்கிரிப்டின் 'சோர்ட்' என்ற வரிசைப்படுத்தும் கட்டளையை அப்படியே பயன்படுத்தினால், யூனிகோட் அட்டவணையில் எழுத்துகள் அமைந்துள்ள ஒழுங்கிலேயே பெயர்கள் வரும். அங்கே 'ற' என்பது 'ல', 'ள' இரண்டுக்கும் முன்னால் இருப்பதால், கறுவாக்கேணி முதலிலும் கல்லடி அடுத்தும் களுவாஞ்சிகுடி கடைசியிலும் நிற்கும். நெடுங்கணக்கின்படி வரவேண்டியதோ கல்லடி, களுவாஞ்சிகுடி, கறுவாக்கேணி என்பதாகும். ஒரு மொழியின் ஒழுங்குப்படி சொற்களை ஒப்பிடும் 'லோக்கேல்கம்பேர்' செயற்கூறுக்குத் தமிழின் மொழிக்குறியைக் கொடுத்தால் இது சீராகும். இதைச் சிறு விடயமென ஒதுக்க எனக்கு மனமில்லை. நீண்ட பட்டியலில் தமது ஊர் உரிய இடத்தில் இல்லாதபோது, அது பட்டியலிலேயே இல்லையென எண்ணிப் படிவத்தை மூடிவிடுபவர்கள் இருக்கிறார்கள்.

பட்டியலின் முதல் வரியில் 'பிரிவைத் தெரிவுசெய்க' என்பதை வெற்று மதிப்புடன் வைத்து, அந்தப் புலத்தைக் கட்டாயமாக்க வேண்டும். இல்லாவிடில், எதையும் தொடாமல் படிவத்தை அனுப்பியவர்கள் எல்லோரும் முதலாவது பிரிவினராகவே பதிவாவார்கள்.

பிரதேச செயலகப் பிரிவை மாற்றியதும், அதன் கீழுள்ள கிராமப் பட்டியலை உடனே வெறுமையாக்கிய பிறகே புதியதைக் கோர வேண்டும். இணைப்பு மெதுவாக உள்ள இடங்களில், முன்னர் கேட்ட வாகரையின் பட்டியல் பிந்தி வந்து, இப்போது தெரிவுசெய்த வவுணதீவின் கீழ் அமர்ந்துவிடும். எனவே புதிய கோரிக்கை புறப்படும்போது பழையதை இரத்துச் செய்துவிட வேண்டும்.