பழைய விளம்பரத்தைப் படிப்பது எப்படி? கூப்பனில் தொடங்குங்கள்

பழைய பத்திரிகை ஒன்று கையில் கிடைத்தால், கதைகளைப் பிறகு படித்துக்கொள்ளலாம். முதலில் விளம்பரப் பக்கங்களைப் புரட்டுங்கள். அந்தக் காலத்து மனிதர்கள் எதற்குக் கூச்சப்பட்டார்கள், எதற்குக் காசு எடுத்துக் கொடுத்தார்கள் என்பதெல்லாம் அங்கேதான் கிடக்கிறது.

படி 1: கூப்பன் உள்ள விளம்பரமாகப் பாருங்கள்

ஓரத்தில் புள்ளிக்கோடு போட்டு, வெட்டி அனுப்பச் சொல்லும் அஞ்சல்வழி விளம்பரமே தொடக்கத்துக்கு ஏற்றது. அமெரிக்காவில் இந்தக் கூப்பன்களில் பத்திரிகைக்கொரு குறியெண் அச்சிடுவார்கள். எந்த விளம்பரத்துக்கு எத்தனை பேர் எழுதிப்போட்டார்கள் என்று அதை வைத்தே எண்ணிவிடலாம். எடுபடாத விளம்பரத்துக்கு மறுபடி காசு கொட்ட மாட்டார்கள்.

படி 2: எத்தனை ஆண்டு ஓடியது?

அமெரிக்க விளம்பர எழுத்தாளர் மேக்ஸ்வெல் சாக்கைம் 1919-இல் ஷெர்வின் கோடி என்பவரின் ஆங்கிலப் பாடத்திட்டத்துக்காக ஒரு விளம்பரம் எழுதினார். 'ஆங்கிலத்தில் இந்தப் பிழைகளை நீங்கள் செய்கிறீர்களா?' என்பது தலைப்பு. பொருளாதார வீழ்ச்சி வந்தது, உலகப்போர் வந்தது, தொலைக்காட்சி வந்தது. அந்த விளம்பரம் அதிகம் மாறாமல் சுமார் 40 ஆண்டுகள் வெளிவந்தது. இப்படி ஒன்று கண்ணில் பட்டால் விடாதீர்கள்.

படி 3: பொருளின் பெயரை விரலால் மறையுங்கள்

இந்தப் படியில்தான் நிதானம் வேண்டும். பெயரை மறைத்தால் விளம்பரம் தொடும் உணர்ச்சி மட்டும் மிஞ்சும். சாக்கைமின் விளம்பரத்தையே எடுங்கள். எந்தப் பிழைகள் என்று தலைப்பு சொல்வதில்லை. கீழே படித்தால் 'பிட்வீன் யூ அண்ட் ஐ' ('மீ' என்பதே சரி) போன்றவை வருகின்றன. படிப்பவர், 'நானும் இப்படித்தானே பேசுகிறேன்?' என்று தன்னையே சோதிக்கத் தொடங்குகிறார். கவனியுங்கள், இவை ஆங்கிலத்தைத் தாய்மொழியாகப் பேசுபவர்களே செய்யும் பிழைகள். நம் ஊர் ஸ்போக்கன் இங்கிலீஷ் நோட்டீஸைப் பார்த்து, இது அந்நிய மொழியால் வந்த தாழ்வு மனப்பான்மை என்று நினைத்திருப்போம். தாய்மொழியாக இருந்தாலும் அச்சம் விடவில்லையே! நாலு பேர் முன்னால் வாய் திறந்தால் நம் தரம் தெரிந்துவிடுமோ என்ற பயம் அது.

படி 4: எவ்வளவு உழைப்பு கேட்கிறது?

கோடியின் பாடத்துக்கு நாளுக்கு 15 நிமிடம் போதுமாம். உடற்பயிற்சிப் பாடம் விற்ற சார்லஸ் அட்லஸின் விளம்பரத்திலும் அதே 15 நிமிடம்! கடற்கரையில் முகத்தில் மணலை எற்றி அவமானப்படுத்தப்படும் ஒல்லிப் பையன் அட்லஸின் படக்கதை நாயகன். அவமானம் பெரிது, தீர்வு சின்னது என்ற இதே கணக்கை இன்றைய கைப்பேசிச் செயலிகளின் விளம்பரங்களிலும் தேடிப் பாருங்கள்.

படி 5: அந்தக் காலத்துக்கு மட்டும் உரியதைக் கழித்துவிடுங்கள்

அந்தப் பையன் எதிரியை அடித்துத்தான் காதலியின் மதிப்பைப் பெறுகிறான். ஆண்மை பற்றிய அன்றைய எண்ணம் அது. அதை மனித இயல்பின் கணக்கில் எழுதாதீர்கள். வேறொரு நாட்டில், வேறொரு பத்தாண்டில் அதே உணர்ச்சியைத் தொடும் இன்னொரு விளம்பரம் கிடைத்த பிறகே குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்த பயிற்சிக்குத் தமிழ் இதழ்களையே எடுக்கலாம். சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் பழைய இதழ்கள் இருக்கின்றன. ஒரே பத்திரிகையின் இரண்டு இதழ்களை, குறைந்தது இருபது ஆண்டு இடைவெளியில் தேர்ந்தெடுத்து, பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள்.