வீடு மாறுவோரும் தெரு பிரிவதும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பல ஆண்டுகள் வெளியூரில் இருந்துவிட்டுச் சேலத்துக்குத் திரும்புபவர்கள் தம் பழைய தெருவைப் பற்றி இரண்டு செய்திகளைச் சொல்வார்கள். "இப்போது அங்கே முழுக்க அவர்கள்தான்" என்பது முதலாவது. "நம் ஆட்கள் எல்லாரும் காலி செய்துவிட்டுப் போய்விட்டார்கள்" என்பது அடுத்தது. அந்த "அவர்கள்" ஒரு சாதியாகவோ, மதமாகவோ, வேறு தாய்மொழி பேசுவோராகவோ, வடமாநிலத்திலிருந்து வந்த தொழிலாளராகவோ இருக்கலாம். முதல் செய்தி கண்ணால் கண்டது. இரண்டாவது வெறும் ஊகம். நகரத் தெருக்கள் இனக்குழு வாரியாகப் பிரிவதைப் பற்றிய பேச்சில் நிகழும் பிழைகளில் பெரும்பாலானவை இந்த இரண்டுக்கும் இடையில்தான் பிறக்கின்றன.

ஒரு தெருவின் மக்கள்தொகை பிறப்பு, இறப்பு, வருகை, வெளியேற்றம் ஆகிய நான்கு வழிகளில் மாறுகிறது. இரண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்புகளை அருகருகே வைத்துப் பார்த்தால் இந்த நான்கின் நிகர விளைவு மட்டுமே தெரியும். யார் எப்போது எங்கே போனார்கள் என்பது தெரியாது. இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டு நகரில், தெற்காசியர் செறிந்த பகுதிகள் பெருகியதைக் கண்டு அவர்கள் தங்களைத் தனிமைப்படுத்திக்கொள்கிறார்கள் என்று பலர் எழுதினர். லூடி சிம்சன் என்ற ஆய்வாளர் 1991, 2001 கணக்கெடுப்புகளைப் பிரித்துப் பார்த்து, அந்தப் பெருக்கத்துக்கு இளம் மக்கள்தொகையின் இயல்பான வளர்ச்சியும் வெளிநாட்டிலிருந்து புதிதாக வந்தோருமே முக்கியக் காரணம் என்றும், நகருக்குள் வீடு மாறிய தெற்காசியக் குடும்பங்கள் அந்தப் பகுதிகளை விட்டு வெளியே பரவிக்கொண்டிருந்தன என்றும் 2004-இல் காட்டினார். கணக்கின் நிகரம் ஒரு திசையைக் காட்ட, வீடு மாறிய குடும்பங்கள் எதிர்த்திசையில் போய்க்கொண்டிருந்தன.

வெளியேறியவர்களை மட்டுமே குற்றம் சாட்டுவது அடுத்த தவறு. என் பார்வையில் இதுவே எல்லாவற்றிலும் பெரியது. வாடகை வீடுகள் நிறைந்த ஒரு தெருவை எடுத்துக்கொள்வோம். பதினொரு மாத ஒப்பந்தம், பணியிட மாற்றம், பிள்ளைகளின் பள்ளி, திருமணம், ஒத்திக்காலம் முடிதல் என்று அங்கே நூறு வீடுகளில் ஆண்டுக்கு இருபது காலியாவதாகக் கொள்வோம். யாரும் யாருக்கும் பயந்து ஓடவில்லை. ஆனாலும் மூன்று ஆண்டுகளின் முடிவில் ஏறக்குறைய பாதி வீடுகளில் புதிய குடும்பங்கள் இருக்கும். அந்த வீடுகளுக்கு யார் வந்தார்கள் என்பதைக் கவனிக்காமல், யார் போனார்கள் என்பதையே துருவிக்கொண்டிருந்தால் உண்மை பிடிபடாது. டூ-லெட் பலகை தொங்குவதற்கு முன்பே, வீடு காலியாகும் செய்தி உறவினர், கடைக்காரர், புரோக்கர் வழியாகச் சிலருடைய காதுக்கு மட்டும் போய்விடுகிறது. செய்தி போகாத குழுவினர் அந்த வீட்டை மறுக்கவே இல்லை, அப்படி ஒரு வீடு இருந்ததே அவர்களுக்குத் தெரியாது. அமெரிக்க நகரங்களை ஆராய்ந்த இங்க்ரிட் கூல்ட் எலன், இருப்பவர்கள் ஓடுவதைவிடப் புதிதாக வீடு தேடுவோர் அந்தப் பகுதியைத் தவிர்ப்பதே மாற்றத்தின் பெரும்பகுதியை விளக்குகிறது என்று வாதிட்டார். இதைக் கேட்டுவிட்டு ஓட்டம் என்பதே கிடையாது என்று முடிவு கட்டுவதும் பிழைதான். 1940 முதல் 1970 வரையிலான அமெரிக்க நகரங்களை ஆராய்ந்த லியா பூஸ்தான், ஒரு கறுப்பினத்தவரின் வருகைக்கு 2.7 வெள்ளையர் நகரை விட்டுப் புறநகருக்குச் சென்றதாக மதிப்பிட்டிருக்கிறார்.

தாமஸ் ஷெல்லிங்கின் பலகைக் கணக்கைத் தவறாகக் கையாள்வதும் வழக்கமாகிவிட்டது. 2005-இல் பொருளாதார நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட ஷெல்லிங், 1971-இல் வெளியிட்ட ஆய்வில் சதுரங்கப் பலகை போன்ற கட்டங்களில் இரு வகைக் காய்களை வைத்தார். அண்டையில் குறிப்பிட்ட அளவாவது தன் வகையினர் இருக்க வேண்டும் என்பது மட்டுமே ஒவ்வொரு காயின் விருப்பம். அது பாதிக்கும் குறைவாக இருந்தாலும் போதும். நிறைவு பெறாத காய் வேறு கட்டத்துக்கு நகரும். அந்த நகர்வு பழைய இடத்தில் ஒருவரைத் தனிமையாக்கும், புதிய இடத்தில் இன்னொருவரைச் சிறுபான்மையாக்கும். அவர்களும் நகர, யாருமே விரும்பாத அளவுக்குப் பலகை பிரிந்துவிடும். தெரு பிரிந்திருப்பதால் அங்கே வெறுப்பு இருப்பதாகச் சொல்ல முடியாது என்பது இதிலிருந்து கிடைக்கும் சரியான பாடம். தெரு பிரிவது எப்போதும் மென்மையான விருப்பத்தால்தான் என்று இதிலிருந்து சொல்வது தவறு. ஷெல்லிங்கின் பலகையில் வீட்டு உரிமையாளர் இல்லை, புரோக்கர் இல்லை, அட்வான்ஸ் இல்லை. "சொந்த ஊர் எது? நீங்கள் எந்த ஆட்கள்?" என்று கேட்டுவிட்டு, "மாலையில் சொல்கிறேன்" என்று அனுப்பிவைப்பவரும் இல்லை. காலிக் கட்டம் எல்லாருக்கும் திறந்தே இருக்கிறது. நம் ஊரில் அப்படியில்லை. தில்லி பெருநகரப் பகுதியில் சுகதேவ் தோரட்டும் உடன் ஆய்வாளர்களும் வாடகை வீடு தேடிப் பார்த்துச் செய்து 2015-இல் வெளியிட்ட ஆய்வில், தலித்துகளுக்கும் முஸ்லிம்களுக்கும் நேரடி மறுப்பும் கூடுதல் நிபந்தனைகளும் கிடைத்தது பதிவாகியுள்ளது.

இதற்கு நேர்மாறாக, சேர்ந்து வாழும் ஒவ்வொரு கூட்டத்தையும் பற்றாகவோ பகையாகவோ படிப்பவர்களும் உண்டு. அம்மாப்பேட்டை, பொன்னம்மாப்பேட்டை, குகை ஆகிய பகுதிகளில் சௌராஷ்டிரரும் செங்குந்தரும் தேவாங்கரும் நெருங்கி வாழ்ந்ததற்குத் தறியும் ஒரு காரணம். குழித்தறிக்கு வீட்டுக்குள் குழி வேண்டும். பாவு எனப்படும் நெடுக்கு நூலை விரித்துக் கஞ்சி போட நேரான, நீளமான தெரு வேண்டும். அதற்கு அண்டை வீட்டார் வழிவிட வேண்டும், கை கொடுக்கவும் வேண்டும். பாவு விரித்த தெருவில் தறி தெரியாதவருக்குக் குடியிருப்பது தொல்லை. தறியை விட்டுவிட்ட வீட்டுப் பிள்ளைகளுக்கு அந்தத் தெருவில் இருந்தாக வேண்டிய கட்டாயம் இல்லை. அழகாபுரத்துக்கோ ஃபேர்லேண்ட்ஸுக்கோ அவர்கள் போவதை ஒரு சமூகம் கலைந்துவிட்டதாக மட்டும் எழுதினால், தொழில் மாறிய கதை விடுபட்டுப் போகும்.

குடிபெயர்வே இல்லாமல் உருவான பிரிவினையும் இருக்கிறது. 1994-இல் சேலம் மாநகராட்சியானது. நகரம் விரிந்தபோது சுற்றியிருந்த கிராமங்கள் அதற்குள் வந்தன. ஊர்த்தெரு ஓரிடத்திலும் காலனி ஓரிடத்திலுமாக இருந்த அமைப்பு அப்படியே வார்டுக்குள் அடங்கியது. அங்கே யாரும் பிரிந்து போகவில்லை; சேர்ந்து குடியிருக்க விடப்படவில்லை. ஏற்காட்டுக் காபித் தோட்டங்களின் லைன் வீடுகளிலும் யார் எங்கே குடியிருப்பது என்பதை வேலையும் தோட்ட நிர்வாகமும் முடிவு செய்கின்றன. அங்கே குடும்பத்தின் விருப்பம் என்ற சொல்லை மிகவும் யோசித்தே பயன்படுத்த வேண்டும்.

அளவிடும் எல்லை பற்றியும் ஒரு சொல். சேலம் மாநகராட்சியில் 60 வார்டுகள், ஒவ்வொன்றிலும் ஆயிரக்கணக்கானோர். ஒரு வார்டு கலப்பாகத் தோன்றலாம், உள்ளே ஒவ்வொரு தெருவும் ஒரே குழுவினரால் நிறைந்திருக்கலாம். 2011 கணக்கெடுப்பின் வார்டு அட்டவணை பட்டியல் சாதியினரையும் பழங்குடியினரையும் மட்டுமே தனியாகக் காட்டுகிறது. தாய்மொழியோ மதமோ அதில் இல்லை. வாக்காளர் பட்டியலில் பெயரைப் பார்த்துக் குழுவை ஊகிப்பவர்கள், முதலெழுத்தும் பெயரும் மட்டுமே கொண்ட நம் பழக்கத்தில் மதத்தை ஓரளவு கண்டுகொள்ளலாம். சாதி அதில் தெரியாது.

ஒருமுறை கலந்து குடியமர்த்திவிட்டால் போதும் என்று நினைப்பதும் தவறு. 1990-களின் இறுதியில் தமிழ்நாட்டில் தொடங்கிய சமத்துவபுரம் திட்டம், ஊருக்கு நூறு வீடுகளைப் பல சாதியினருக்கும் பங்கிட்டுக் கொடுத்தது. அது தொடக்க நிலையைக் கலந்து வைத்த ஏற்பாடு. சிங்கப்பூர் 1989-இல் கொண்டுவந்த விதியோ, அரசு அடுக்ககங்களில் வீடு கைமாறும் ஒவ்வொரு முறையும் அந்தக் கட்டடத்திலும் வட்டாரத்திலும் சீனர், மலாய்க்காரர், இந்தியர் உள்ளிட்ட பிறர் ஆகிய பிரிவினரின் விகிதத்தைச் சரிபார்க்கிறது. அதற்கும் விலை உண்டு. சீனர் பங்கு நிரம்பிய கட்டடத்தில் வீட்டை விற்க நினைக்கும் ஒரு தமிழ்க் குடும்பம், அந்த வீட்டைச் சீனர் அல்லாதவருக்குத்தான் விற்க முடியும். சீனர் ஒருவர் கூடுதல் விலை தர முன்வந்தாலும் அது செல்லாது. இந்தக் குறையைச் சரிசெய்ய, குறிப்பிட்ட நிலைமைகளில் அத்தகைய வீடுகளை வீடமைப்பு வாரியமே திரும்ப வாங்கிக்கொள்ளும் ஏற்பாடு 2022-இல் அங்கே வந்தது.