மீட்டர் 12 வோல்ட் காட்டுகிறது, விளக்கு மட்டும் ஏன் அழுகிறது? சிறு படகில் மின்பழுது தேடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

படகின் பின்விளக்கு மங்கலாகிவிட்டது. பல்பை மாற்றினேன். அதே மங்கல். ஹோல்டர் கறுத்திருந்ததால் விளக்கையே மொத்தமாக மாற்றினேன். புது விளக்கும் பேட்டரி தீரப்போகிற டார்ச் மாதிரி செம்மஞ்சளாகத்தான் எரிந்தது. பல்பைக் கழற்றிவிட்டு ஹோல்டரில் மல்டிமீட்டரை வைத்தால் 12.6 வோல்ட்! இரண்டு நாள் இப்படியே போயிற்று. கடைசியில் சுவிட்ச் பலகைக்குப் பின்னால், நெகட்டிவ் வயர்கள் எல்லாம் வந்து சேரும் பித்தளைப் பட்டையில், பின்விளக்கு வயரின் லக்குக்கு (வயர் முனையில் அழுத்திப் பொருத்தும் உலோகத் துண்டு) அடியில் பச்சையாகக் களிம்பு பூத்திருந்தது. ஸ்க்ரூவைக் கழற்றி, உப்புத்தாளால் நாலு தேய்ப்பு தேய்த்து, மறுபடி இறுக்கினேன். விளக்கு பளிச்சென்று எரிந்தது. தூக்கிப் போட்ட பழைய விளக்கும் நல்ல விளக்குதான்.

படகில் பழுது பெரும்பாலும் பொருளில் இருக்காது, இணைப்பில்தான் இருக்கும். இது தெரிந்தவர்கள்கூட முதலில் பல்பு வாங்கத்தான் ஓடுகிறார்கள்.

நான் செய்த பெரிய தவறு, பல்பைக் கழற்றிவிட்டு வோல்ட் பார்த்தது. மல்டிமீட்டர் இழுக்கும் கரண்ட் ஒன்றுமே இல்லை என்று சொல்லிவிடலாம். வயரில் எல்லா இழையும் அறுந்து ஒரே ஒரு இழை ஒட்டிக்கொண்டிருந்தாலும் மீட்டருக்கு அது போதும், 12 வோல்ட் காட்டிவிடும். விளக்கு ஒரு ஆம்பியர் கேட்கும்போதுதான் அந்த இணைப்பின் சாயம் வெளுக்கும். ஆகவே விளக்கு எரிந்துகொண்டிருக்கும்போதே அளக்க வேண்டும். மீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் பாசிட்டிவிலும் மறுமுனையை விளக்கின் பாசிட்டிவிலும் வையுங்கள். வழியில் வீணாகும் வோல்ட் எவ்வளவு என்று நேரடியாகக் காட்டும். அடுத்து நெகட்டிவிலிருந்து நெகட்டிவுக்கு அதே மாதிரி. மீட்டர் வயர் அவ்வளவு தூரம் எட்டாது, ஒரு நீள வயரை ஒட்டுப்போட்டுக்கொள்ளலாம். இரண்டு அளவையும் கூட்டினால் 0.36 வோல்ட்டைத் தாண்டக் கூடாது. 12 வோல்ட்டில் 3 சதவீதம் அது. வழிகாட்டி விளக்குகளுக்குப் பொதுவாக வைக்கும் வரம்பு. இழை பல்பில் வோல்ட் 10 சதவீதம் குறைந்தாலே வெளிச்சம் கிட்டத்தட்ட 30 சதவீதம் போய்விடும். என் விளக்கில் நெகட்டிவ் பக்கம் மட்டுமே பெரிய எண்ணாகக் காட்டியிருக்கும். அளந்திருந்தால்தானே!

மீட்டர் இல்லையா? ஒரு பழைய 12 வோல்ட் பல்பில் இரண்டு வயரைச் சேர்த்து டெஸ்ட் லேம்ப் செய்துகொள்ளுங்கள். அதுவே கரண்டை இழுப்பதால் மீட்டரைப் போல ஏமாறாது.

அடுத்த தவறு, நெகட்டிவை மறந்துவிடுவது. கார், பைக்கில் வேலை பார்த்துப் பழகியவர்களுக்கு வரும் வினை இது. அங்கே இரும்பு உடம்பே திரும்பும் பாதை. மரம், ஃபைபர் படகில் ஒவ்வொரு விளக்குக்கும் தனி நெகட்டிவ் வயர் திரும்பி வந்தாக வேண்டும், பழுதில் பாதி அங்கேதான் ஒளிந்திருக்கும். ஒரு சுவிட்சைப் போட்டால் வேறொரு விளக்கு மங்குகிறது, அல்லது அணைத்த விளக்கு லேசாக மினுங்குகிறது என்றால், நேராகப் பொது நெகட்டிவ் பட்டைக்குப் போங்கள். அலுமினியப் படகில் உடம்பையே நெகட்டிவாகப் பயன்படுத்துவது இதைவிட மோசம். கசியும் மின்சாரம் தண்ணீரோடு சேர்ந்து உலோகத்தை அரித்துத் தின்றுவிடும்.

ஃபியூஸ் விஷயத்தில் நடப்பதைப் பார்த்தால் வயிற்றைக் கலக்கும். 5 ஆம்பியர் போனால் 10, அதுவும் போனால் 15, கடைசியில் அலுமினியத் தாளைச் சுற்றி வைப்பார்கள். ஃபியூஸ் விளக்கைக் காப்பாற்ற அல்ல, வயரைக் காப்பாற்ற. வயர் தாங்கும் அளவைத் தாண்டினால் அடுத்து எரியப்போவது சுவருக்குள் மறைந்திருக்கும் வயர்தான். ஃபியூஸ் திரும்பத் திரும்பப் போனால் எங்கோ ஷார்ட் இருக்கிறது. விளிம்பில் உரசித் தோல் உரிந்த வயர், ஆணி துளைத்த வயர், தண்ணீர் புகுந்த ஹோல்டர் என்று தேடுங்கள். மெயின் ஃபியூஸை பேட்டரிக்குப் பக்கத்திலேயே, ஒரு சாணுக்குள் வையுங்கள். மூன்று அடி தள்ளி வைத்தால் அந்த மூன்று அடி வயருக்குக் காவல் இல்லை.

பெட்ரோல் எஞ்சின் உள்ள படகானால் பெட்டியைத் திறந்ததும் ஸ்பேனரை எடுக்காதீர்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, படகின் அடித்தளத்தில் போய்த் தேங்கும். ஒரு பொறி போதும். மூடிகளைத் திறந்து காற்றாட விட்டு, மூக்கால் சோதித்துவிட்டுத்தான் பேட்டரியைத் தொட வேண்டும். கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது நெகட்டிவ் கடைசியில். எஞ்சின் ஓடும்போது பேட்டரியைத் துண்டித்தால் பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டரின் டயோடுகள் போய்விடலாம். கரையிலிருந்து வரும் வீட்டு மின்சாரம் இணைந்திருந்தால் அந்தப் பக்கம் கையே வைக்காதீர்கள். அது தண்ணீரில் ஆளையே கொல்லும், தெரிந்த எலக்ட்ரீஷியன் பார்க்கட்டும்.

சார்ஜரைக் கழற்றிய கையோடு பேட்டரியை அளந்து "13 இருக்கிறது, பேட்டரி ஜோர்" என்று சொல்வதும் தவறுதான். சில மணி நேரம் சும்மா விட்டுப் பாருங்கள். ஈய அமிலப் பேட்டரி முழுதாக இருந்தால் 12.6, 12.7 காட்டும். 12.2 என்றால் பாதி காலி. விளக்கு எரிகிறது, ஆனால் எஞ்சின் சுற்றவில்லை என்றால் பேட்டரியைத் திட்டுவதற்கு முன் டெர்மினலைத் தொட்டுப் பாருங்கள். சுட்டால் அங்கேதான் இணைப்பு கெட்டிருக்கிறது. கையால் திருகும் இறக்கை நட்டு இருந்தால் தூக்கிப் போட்டுவிட்டு ஸ்பேனரால் இறுக்கும் நட்டு போடுங்கள். படகின் அதிர்வில் அது தானாகத் தளரும்.

வயரை முறுக்கி டேப் சுற்றுவது வீட்டிலேயே அரைகுறை வேலை, படகில் ஒரு மழைக்குத் தாங்காது. டேப் ஈரத்தை வெளியே விடாமல் பிடித்து வைத்துக்கொள்ளும். ஈயம் வைத்துப் பற்றவைத்தால் மட்டும் போதும் என்று நினைப்பவர்களும் உண்டு. பற்றவைத்த இடம் விறைத்துப்போய், அதன் ஓரத்தில் வயர் ஆடி ஆடி அறுந்துவிடும். சரியான கிரிம்ப் கருவியால் லக்கை அழுத்தி, உள்ளே பசை உள்ள சுருங்கும் குழாயைச் சூடாக்கி மூடுவதுதான் நிலைக்கும். வயரும் வெள்ளீயம் பூசிய செம்பாக இருக்கட்டும். படகில் போட்ட சாதாரண வீட்டு வயரின் தோலைச் சீவினால் செம்பு கரிபோலக் கறுத்திருக்கும். ஒரு அங்குலம் வெட்டிப் பாருங்கள், இன்னும் கறுப்பு. இன்னொரு அங்குலம், அப்போதும் கறுப்பு. ஈரம் தோலுக்குள்ளேயே ஊறிப்போயிருக்கும். அந்த வயரில் புது லக் அடிப்பது வீண்.

எல்இடிக்கு மாறுபவர்களுக்கு ஒன்றிரண்டு. வயரைத் தலைகீழாக மாட்டினால் பல எல்இடிகள் எரியாது. செத்துவிட்டது என்று எறியாமல் மாற்றி மாட்டிப் பாருங்கள். பக்க விளக்குகளின் சிவப்பு, பச்சைக் கண்ணாடிக்குப் பின்னால் வெள்ளை எல்இடி போட்டால் நிறம் திரிந்துவிடும், பச்சை நீலம்போலத் தெரியும். 1972ஆம் ஆண்டின் சர்வதேசக் கடல் மோதல் தடுப்பு விதிகளின்படி, 12 மீட்டருக்குக் குறைவான படகின் பக்க விளக்குகள் 1 கடல் மைலுக்கும் பின்விளக்கு 2 கடல் மைலுக்கும் தெரிய வேண்டும். நிறம் குழம்பினால் எதிரில் வருபவர் உங்கள் எந்தப் பக்கத்தைப் பார்க்கிறார் என்பதே அவருக்குத் தெரியாது. விளக்கைப் போட்டதும் படகில் பேசப் பயன்படும் விஎச்எஃப் ரேடியோவில் இரைச்சல் ஏறினால், மலிவான எல்இடியின் சர்க்யூட்தான் காரணம்.

தண்ணீர் இறைக்கும் பம்பின் தானியங்கி வயரை மெயின் சுவிட்சுக்குப் பின்னால் கொடுப்பவர்கள் பலர். மெயினை அணைத்துவிட்டு வீட்டுக்குப் போவார்கள், இரவு மழை பெய்யும், காலையில் படகு பாதி மூழ்கியிருக்கும். அது தனி ஃபியூஸோடு நேராக பேட்டரிக்குப் போக வேண்டும்.

எந்த வயரையும் கழற்றுவதற்கு முன் ஒரு அடையாளம் கட்டுங்கள். எது எங்கே போகிறது என்று ஒரு தாளில் வரைந்து பலகைக் கதவின் உள்பக்கம் ஒட்டிவிடுங்கள், பென்சிலால். பேனா மை ஈரத்தில் கரைந்துவிடும்.