மருந்து கேட்டதா? கணக்குப் போட்டுப் பார்க்கும் முறை

"நூறு பேருக்குக் கொடுத்தோம், எண்பது பேர் தேறினார்கள்" என்பதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. அந்த மருந்து இல்லாமலே எத்தனை பேர் தேறியிருப்பார்கள்? ஆய்வறிக்கையைக் கையில் எடுத்ததும் முதலில் தேட வேண்டியது அந்த இரண்டாவது எண்ணை.

அது கிடைத்த பிறகு, இரண்டு குழுக்களையும் எப்படிப் பிரித்தார்கள் என்று பாருங்கள். பாரிஸ் மருத்துவர் பியேர் லூயி 1835இல் வெளியிட்ட கணக்கு இதற்கு நல்ல பயிற்சி. நிமோனியா கண்ட 77 பேருக்கும், அன்றைய சிகிச்சை முறைப்படி, உடலிலிருந்து இரத்தம் வடித்திருந்தார்கள். நோய் தொடங்கிய முதல் 4 நாட்களுக்குள் வடிக்கப்பட்ட 41 பேரில் 18 பேர் இறந்தார்கள். 5 முதல் 9 நாட்களுக்குள் வடிக்கப்பட்ட 36 பேரில் 9 பேர். சதவீதத்தில் 44, 25. சீக்கிரம் வடித்ததுதான் ஆளைக் கொன்றது என்று எழுதிவிடத் தோன்றும். ஆனால் இரண்டாம் குழுவில் இடம்பெற ஒருவர் ஐந்தாம் நாள் வரையாவது உயிரோடு இருந்தாக வேண்டும். நோய் முற்றி அதற்கு முன்பே போனவர்கள் அந்தப் பட்டியலில் வரவே வழியில்லை. "ஓராண்டு விடாமல் மாத்திரை எடுத்தவர்கள்" என்று தொடங்கும் இன்றைய ஆய்வுகளிலும் இதே ஓட்டையைத் தேடுங்கள். இந்தக் குறை இருந்தாலும் லூயியின் வேலை பெரியது. உடலின் நான்கு நீர்களைச் சமன் செய்கிறோம் என்று நூற்றாண்டுகளாக நம்பி நடந்துவந்த சிகிச்சையை அவர் எண்ணிப் பார்க்கத் துணிந்தார்.

அந்த ஓட்டையை அடைத்த ஆய்வு 1948இல் பிரிட்டனில் வெளிவந்தது. இரு நுரையீரலிலும் காசநோய் வேகமாகப் பரவிய 107 இளைஞர்கள் அதில் இருந்தார்கள். படுக்கை ஓய்வு எல்லோருக்கும் உண்டு. 55 பேருக்கு மட்டும் கூடவே ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி. யாருக்கு எது என்பதைப் புள்ளியியலாளர் பிராட்ஃபோர்டு ஹில் குலுக்கல் போல ஒழுங்கின்றி வரும் ரேண்டம் எண்களைக் கொண்டு முன்பே முடிவுசெய்து, ஒட்டிய உறைகளில் வைத்துவிட்டார். உறையின் மேல் மருத்துவமனையின் பெயரும் ஓர் எண்ணும் மட்டுமே. நோயாளியைச் சேர்ப்பதென்று முடிவான பிறகுதான் உறையைப் பிரித்தார்கள். ஒருவர் விட்டு ஒருவர் என்று கொடுத்திருந்தால், அடுத்து எது வரும் என்று தெரிந்த மருத்துவர் தேறக்கூடியவரையே மருந்துப் பக்கம் தள்ளிவிடலாம். எக்ஸ்ரே பார்த்தவர்களுக்கும் படம் எந்தக் குழுவினுடையது என்று தெரியாது. ஆக, எந்த ஆய்விலும் கேட்க வேண்டியவை இரண்டு: அடுத்த ஒதுக்கீடு யாருக்காவது முன்கூட்டியே தெரியுமா? முடிவைப் பார்த்துச் சொன்னவருக்குக் குழு தெரியுமா?

இனி கணக்கு. ஆறு மாத முடிவில் மருந்துக் குழுவில் 4 பேர் இறந்திருந்தார்கள், மற்றதில் 52 பேரில் 14 பேர்.

4 ÷ 55 = 7.3 சதவீதம்
14 ÷ 52 = 26.9 சதவீதம்
வித்தியாசம் = 19.6
100 ÷ 19.6 = சுமார் 5

அதாவது ஐந்து பேருக்கு மருந்து கொடுத்தால், ஆறு மாதத்துக்குள் ஒரு மரணம் தவிர்க்கப்படுகிறது. இதையே "மரணம் 73 சதவீதம் குறைந்தது" என்றும் சொல்லலாம், இரண்டும் சரி. ஆனால் பத்தாயிரத்தில் இரண்டாக இருந்த மரணம் ஒன்றாகக் குறைந்தாலும் "50 சதவீதம் குறைந்தது" என்றுதான் தலைப்பு வரும். அங்கே ஒருவர் பிழைக்கப் பத்தாயிரம் பேர் மருந்து சாப்பிட வேண்டும். விளம்பரத்தில் சதவீதம் மட்டும் இருந்தால், எத்தனை பேரில் எத்தனை பேர் என்று கேட்காமல் விடாதீர்கள்.

அடுத்து, எவ்வளவு காலம் பின்தொடர்ந்தார்கள் என்று பாருங்கள். அதே 107 பேரில் ஐந்தாண்டு முடிவில் இறந்தவர்கள், மருந்துக் குழுவில் 32, மற்றதில் 35. ஒற்றை மருந்தாகக் கொடுத்ததால் கிருமி அதற்கு எதிர்ப்பைப் பெற்றுவிட்டது. மருந்துகளைக் கூட்டாகக் கொடுக்கும் வழக்கம் இதற்குப் பிறகுதான் வேரூன்றியது.

எதை அளந்தார்கள் என்பதும் முக்கியம். 1956இல் சென்னையில் தொடங்கிய காசநோய் ஆய்வு மையம், ஒரே மருந்துகளை வீட்டிலிருந்து எடுப்பவர்களையும் சானடோரியம் எனப்படும் காசநோய் மருத்துவமனையில் தங்கி எடுப்பவர்களையும் ரேண்டமாகப் பிரித்து ஒப்பிட்டது. 1959இல் வெளியான முடிவில் இருவரும் ஏறத்தாழ ஒரே அளவில் தேறியிருந்தார்கள். ஆனால் நோயாளி தேறினாரா என்று மட்டும் பார்த்திருந்தால், வீட்டுச் சிகிச்சையை யாரும் நம்பி ஏற்றிருக்க மாட்டார்கள். கூட வசித்த குடும்பத்தாருக்கு நோய் தொற்றியதா என்றும் தொடர்ந்து பரிசோதித்தார்கள். வீட்டில் இருந்தவர்களால் தொற்று கூடவில்லை.