டிரயல்ஸ் சைக்கிளில் பின்சக்கரத் துள்ளலும் பெடல் கிக்கும்: புதியவர்களுக்கான செய்முறை

தரையில் கால் ஊன்றாமல் பாறைகளையும் மரக்கட்டைகளையும் சைக்கிளில் ஏறிக் கடக்கும் டிரயல்ஸ் விளையாட்டு, 1970களில் ஸ்பெயினின் கட்டலோனியாவில், மோட்டார் சைக்கிள் டிரயல்ஸ் வீரரான பெரே பி தம் மகன் ஓட் பியைச் சைக்கிளில் பழக்கியதையொட்டி வளர்ந்தது. இதில் வியப்பூட்டும் வித்தைகளில் பல, பின்சக்கரத்தில் நின்று துள்ளுவதையும் அங்கிருந்து பெடலை உந்திப் பாயும் பெடல் கிக்கையும் நம்பியிருப்பதால், இக்கட்டுரை அவ்விரண்டை மட்டுமே விளக்குகிறது.

போட்டிச் சைக்கிள்களில் பெரும்பாலும் சீட்டே இருப்பதில்லை. தொடக்கத்தில் உங்களிடமுள்ள உறுதியான மலைச் சைக்கிளே போதும். சீட்டை அடிவரை இறக்கி, எளிதில் மிதிபடும் கியரில் வைத்துக்கொள்ளுங்கள். பின்பிரேக் மட்டும் ஒரே விரலில் சக்கரத்தை அசையாமல் பிடிக்க வேண்டும். சக்கரத்தின் வெளிவளையமான ரிம்மைக் கவ்வும் ரிம் பிரேக் பயன்படுத்தும் வீரர்கள் அதன் பக்கங்களை உலோகம் தேய்க்கும் கிரைண்டரால் சொரசொரப்பாக்கிக்கொள்வது இதற்காகத்தான். பிரேக் கட்டை அதில் கிறீச்சிட்டுக் கவ்வும். ஹெல்மெட்டும் முழந்தாள் காப்பும் கட்டாயம் அணியுங்கள். ஒவ்வொரு முறையும் செயினின் கண்ணிகளைப் பார்த்துவிட்டே ஏறுங்கள், ஏனெனில் முழு வலுவுடன் மிதிக்கும்போது செயின் அறுந்தால் உடல் அப்படியே கைப்பிடியின் மேல் விழும்.

முதல் படி, நின்ற இடத்தில் நிற்பது. பெடல்கள் தரைக்கு இணையாக இருக்க, உங்களுக்கு இயல்பாக வரும் காலை முன்னால் வைத்து, முன்சக்கரத்தை அந்தக் காலின் பக்கமாகச் சற்றுத் திருப்பி, இரு பிரேக்குகளையும் பிடித்துக்கொள்ளுங்கள். பார்வை சக்கரத்தில் இல்லாமல் சில அடி தள்ளித் தரையில் இருக்கட்டும். சாய்வை இடுப்பையும் முழங்காலையும் அசைத்துச் சரிசெய்யுங்கள். அரை நிமிடம் பதற்றமில்லாமல் நிற்க வரும்வரை அடுத்த படிக்குப் போக வேண்டாம்.

இரண்டாம் படி, பின்சக்கரத்தில் எழுவது. முழங்காலை மடக்கி உடலைத் தாழ்த்தி, பிரேக்குகளை விட்ட அதே நொடியில் முன்காலால் கால்வாசிச் சுற்று மிதித்து, இடுப்பைப் பின்னச்சுக்கு மேல் தள்ளுங்கள். கைகள் நீண்டு முன்சக்கரம் உயர்ந்தவுடன் பின்பிரேக்கை இறுகப் பிடிக்க வேண்டும். பலர் கையின் வலுவால் கைப்பிடியை இழுக்கப் பார்க்கிறார்கள். தூக்குவது மிதியும் இடுப்பும்தான், கை வெறுமனே தொங்கினால் போதும். சமநிலை தவறினால் பெடலிலிருந்து கால்களை எடுத்துப் பின்பக்கம் இறங்கி நிற்கவும் பழகுங்கள். இதைப் புல்தரையில் முதலிலேயே பழகிக்கொண்டால் பயம் வெகுவாகக் குறையும்.

எழுந்து நின்றபின், பின்பிரேக்கை விடாமல் முழங்காலை மடக்கி நிமிர்த்திச் சிறிதாகத் துள்ளுங்கள். உடல் பின்னால் சாய்ந்தால், அடுத்த துள்ளலில் சக்கரத்தை இடுப்புக்குக் கீழே பின்னோக்கிக் கொண்டுவர வேண்டும். முன்சக்கரம் இறங்கத் தொடங்கினால், பிரேக்கை ஒரு கணம் விட்டு, சற்றே மிதித்து, மீண்டும் பிடிக்க வேண்டும். இந்தத் திருத்தங்கள் யோசிக்காமல் வரும்வரை பழகுவதே முழு வேலையும். உயரத்தைப் பற்றி இப்போது நினைக்கவே வேண்டாம்.

மூன்றாம் படி, பெடல் கிக். மேலே சொன்ன அந்தச் சிறு மிதியே இங்கு பாய்ச்சலாகிறது. பின்சக்கரத்தில் நின்றபடி முழங்காலை ஆழமாக மடக்கி, முன்சக்கரம் சற்றுத் தாழ்ந்து எடை முன்னோக்கிச் சாயும்வரை காத்திருங்கள். சாயும் அந்தக் கணத்தில் பிரேக்கை விட்டு, முன்காலால் ஓங்கி மிதித்து, கால்களை முழுதாக நிமிர்த்திப் பாயுங்கள். பின்சக்கரம் தரை தொடும் முன்பே பிரேக்கைப் பிடித்திருக்க வேண்டும். பிடிக்கத் தாமதித்தால் சைக்கிள் முன்னே உருண்டோட, நீங்கள் முதுகில் விழுவீர்கள்.

தரையில் சுண்ணக்கட்டியால் ஒரு சாண் இடைவெளியில் இரு கோடுகள் இட்டு, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவுங்கள். பின்சக்கரம் கோட்டின் மேலேயே இறங்கி அசையாமல் நின்றால் மட்டும் இடைவெளியை நான்கு விரற்கடை கூட்டுங்கள். கோடுகளில் தவறாமல் வந்தபிறகு, ஆடாத இரு தாழ்ந்த மரப்பலகைகளை அதே இடைவெளியில் போட்டுத் தாவலாம்.