22,000 எம்ஏஎச் ரக்கட் போன் உங்களுக்குத் தேவைதானா? வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

போர்வெல் போடும் திருச்செங்கோட்டு ரிக் வண்டிகளில் போகிறவர்கள், பல்லடம், உடுமலைப் பக்கம் காற்றாலை ஏறுகிறவர்கள், கோவை பவுண்டரிகளில் நிற்கிறவர்கள் என்று பலரும் இப்போது ரக்கட் போனைப் பற்றி விசாரிக்கிறார்கள். செங்கல் போலத் தடிமனாக, ஓரமெல்லாம் ரப்பர் போட்டு, சாதாரண போனைவிட நான்கு மடங்கு பேட்டரியோடு வருகிற போன் அது. பேட்டரியின் கொள்ளளவைத்தான் எம்ஏஎச் என்ற அளவில் சொல்கிறார்கள். முதல்முறை வாங்கப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். பெரிய பேட்டரி நல்லதுதான். ஆனால் அதற்காக விட்டுக்கொடுக்க வேண்டியவை நிறைய. அவற்றைத் தெரிந்துகொண்டு வாங்குங்கள்.

படி 1: இப்போது எவ்வளவு செலவாகிறது என்று பாருங்கள்

ஒரு வேலை நாளில், காலையில் 100 சதவீதம் ஏற்றிக்கொண்டு கிளம்புங்கள். இடையில் சார்ஜ் போட வேண்டாம். இரவு எவ்வளவு மிச்சம் என்று குறித்துக்கொள்ளுங்கள். 5,000 எம்ஏஎச் போனில் 60 சதவீதம் இறங்கியிருந்தால் உங்கள் ஒரு நாள் செலவு சுமார் 3,000 எம்ஏஎச். அந்தக் கணக்குப்படி 22,000 எம்ஏஎச் போன் ஒரு வாரம் ஓடும். ஒரு வாரம் சார்ஜே போடாமல் இருக்க வேண்டிய நிலை உங்களுக்கு வருகிறதா என்பதை மட்டும் யோசியுங்கள்.

செட்டிங்கில் பேட்டரிப் பக்கத்தையும் திறந்து பாருங்கள். எந்தச் செயலி அதிகம் தின்கிறது என்று அங்கே தெரியும். இன்னொரு காரணமும் உண்டு, அதைப் பலர் கவனிப்பதில்லை. வால்பாறை எஸ்டேட்டுக்குள்ளேயோ தகரக் கூரை போட்ட பெரிய ஷெட்டுக்குள்ளேயோ சிக்னல் மங்கும்போது, டவரை எட்டுவதற்காகப் போன் கூடுதல் சக்தியில் அலையை அனுப்பும். பேட்டரி மளமளவென்று இறங்கும். அந்த இடத்தில் எந்த கம்பெனி சிக்னல் நன்றாக வருகிறதோ, அந்த சிம்முக்கு மாறினாலே பாதிப் பிரச்சினை தீரலாம். போனையே மாற்ற வேண்டியதில்லை.

படி 2: வேலை செய்யும் இடத்தில் சார்ஜ் போட முடியுமா?

என்னைக் கேட்டால் முடிவைத் தீர்மானிப்பது இந்தப் படிதான்.

ரக்கட் போனின் சார்ஜ் துளையை ஒரு சின்ன ரப்பர் மூடி மூடியிருக்கும். பல மாடல்களில் தூசியும் தண்ணீரும் உள்ளே போகாமல் தடுப்பதில் அந்த மூடிக்குப் பெரிய பங்கு உண்டு. சார்ஜ் போட மூடியைத் திறந்துவிட்டால், பெட்டியில் எழுதியிருக்கும் பாதுகாப்பை நம்ப முடியாது. ரிக் ஓடும்போது பறக்கும் கல்தூள், ஸ்பின்னிங் மில்லில் மிதக்கும் பஞ்சு, கோழிப்பண்ணைத் தூசி எல்லாம் திறந்த துளைக்குள் போய் அடையும். அப்படிப்பட்ட இடத்தில் மூடியைத் திறக்காமலே நாலைந்து நாள் ஓட்டலாம் என்பதுதான் பெரிய பேட்டரியின் உண்மையான பயன். வெளி மாநிலத்துக்கு போர்வெல் போடப் போய், நாள் கணக்கில் வண்டியடியிலேயே கிடக்கிறவருக்கு இது பெரிய உதவி. அவருக்கு நான் தயங்காமல் வாங்கச் சொல்வேன்.

லாரி ஓட்டுகிறவருக்கு கேபினுக்குள்ளேயே சார்ஜ் போட வழி இருக்கிறது. தறிக்குடோனிலும் பனியன் கம்பெனியிலும் மதியச் சாப்பாட்டு நேரத்தில் சுத்தமான மூலையில் வைத்து ஏற்றிக்கொள்ளலாம். இவர்களுக்கு 5,000 எம்ஏஎச் போனும், கெட்டியான ரப்பர் கவரும், 20,000 எம்ஏஎச் பவர் பேங்கும் போதும். பவர் பேங்கில் எழுதியிருப்பது முழுதாகப் போனுக்கு வந்து சேராது, வழியில் கணிசமாக இழப்பாகும். அப்படியும் இரண்டு முறைக்கு மேல் முழுசாக ஏற்றலாம். பாரமெல்லாம் பையிலேயே கிடக்கும், சட்டைப் பைக்கு வராது.

படி 3: எடையும் சார்ஜ் நேரமும்

2023-ல் வந்த டூகி வி மேக்ஸ் 22,000 எம்ஏஎச் கொண்டது. தடிமன் 27 மில்லிமீட்டருக்கு மேல், எடை அரைக் கிலோவுக்கு மேல். சாதாரண போன் 200 கிராம் சுமார்தான். கடையில் இரண்டு நிமிடம் கையில் பிடித்துப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். வீட்டில் அரைக் கிலோ சர்க்கரைப் பாக்கெட்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஒரு மணி நேரம் நடந்து பாருங்கள். காற்றாலைக் கோபுரத்திலோ தென்னை மரத்திலோ ஏறுகிறவர்கள் சட்டைப் பையை நம்பவே கூடாது. இடுப்பில் மூடி வைத்த பை, அதோடு கட்டிய கயிறு இரண்டும் வேண்டும். அவ்வளவு எடை மேலிருந்து விழுந்தால் கீழே நிற்கிறவருக்குத்தான் ஆபத்து. பைக்கில் பொருத்தும் சாதாரண போன் ஹோல்டரும் இந்தப் பாரத்தைத் தாங்காது.

சார்ஜ் நேரத்தை நீங்களே கணக்கிடலாம். எம்ஏஎச்சை 3.85-ஆல் (போன் பேட்டரியின் வோல்ட்) பெருக்கி 1,000-ஆல் வகுத்தால் வாட் அவர், அதாவது பேட்டரியில் அடங்கும் மொத்த மின்சக்தி கிடைக்கும். 22,000-க்கு ஏறக்குறைய 85 வாட் அவர். அதைச் சார்ஜரின் வாட்டால் வகுத்து, இழப்புக்காகக் கால் பங்கு கூட்டிக்கொள்ளுங்கள். 33 வாட் சார்ஜரில் மூன்று மணி நேரத்துக்கு மேல். வீட்டில் கிடக்கிற பழைய 10 வாட் சார்ஜரில் போட்டால் பத்து மணி நேரத்தைத் தாண்டும்.

கோவையிலிருந்து சார்ஜாவுக்கோ சிங்கப்பூருக்கோ பறக்கிறவர்களுக்கும் இந்த எண் உதவும். விமானத்தில் 100 வாட் அவர் வரைதான் தனி அனுமதி இல்லாமல் கொண்டுபோகலாம். 26,000 எம்ஏஎச் தொட்டாலே அந்த எல்லை வந்துவிடும்.

படி 4: பெட்டியில் இருக்கும் எழுத்துகள்

ஐபி68 என்பதில் 6 தூசி புகாது என்பதைக் குறிக்கும். 8 தண்ணீரில் மூழ்கினாலும் தாங்கும் என்பதைக் குறிக்கும். எவ்வளவு ஆழம், எவ்வளவு நேரம் என்பதைத் தயாரிப்பாளரே சொல்ல வேண்டும், அதைத் தேடிப் படியுங்கள். சோதனை சுத்தமான தண்ணீரில்தான் நடக்கிறது. திருப்பூர் சாயப்பட்டறைக் கெமிக்கலுக்கு இந்த எண் உறுதி தராது.

எம்ஐஎல்-எஸ்டிடி-810எச் என்றால் அமெரிக்க ராணுவம் அந்தப் போனைச் சோதித்தது என்று அர்த்தமில்லை. அது சோதிக்கும் முறைகளின் தொகுப்பு, அவ்வளவுதான். அதில் எந்தச் சோதனையைச் செய்வது என்று தயாரிப்பாளரே தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். எவ்வளவு உயரத்திலிருந்து போட்டார்கள் என்று எண்ணோடு சொல்கிற பிராண்டை நம்புங்கள்.

படி 5: சிக்னல், பதிவு, சர்வீஸ்

வெளிநாட்டிலிருந்து வரவழைக்கும் போனில் நிறைய பேர் மாட்டிக்கொள்ளும் இடம் இது. ஜியோவில் 2ஜி, 3ஜி கிடையாது. அந்தப் போனில் ஜியோவுக்கு வோல்டிஇ (4ஜி வழியாகவே கால் பேசும் வசதி) வேலை செய்யாவிட்டால் சாதாரண காலே போகாது. ஜியோ 4ஜிக்கு பேண்ட் (அலைவரிசை) 3, 5, 40 மூன்றும் இருக்கிறதா என்று பாருங்கள். மலைப்பக்கம் பிஎஸ்என்எல் வைத்திருப்பவர்கள் பேண்ட் 28 இருக்கிறதா என்று கட்டாயம் பார்க்க வேண்டும்.

போனில் *#06# அடித்தால் வரும் ஐஎம்இஐ எண்ணை (ஒவ்வொரு போனுக்கும் உள்ள தனி அடையாள எண்) மத்திய அரசின் சஞ்சார் சாத்தி செயலியில் போட்டுச் சரிபாருங்கள். பிஐஎஸ் என்கிற இந்தியத் தர முத்திரை இருக்கிறதா என்றும் பாருங்கள். இரண்டில் ஒன்று இல்லையென்றாலும் கடைக்காரர் அண்ணன் எவ்வளவு சொன்னாலும் வாங்காதீர்கள்.

அப்புறம் சர்வீஸ். டிஸ்ப்ளே உடைந்தால் கோவை கிராஸ் கட் ரோட்டிலோ ஈரோட்டிலோ உதிரிபாகம் கிடைக்குமா என்று வாங்கும் முன்பே இரண்டு கடையில் கேளுங்கள். கேட் (Cat) என்ற பிராண்டு பெயரில் ரக்கட் போன் செய்துவந்த பிரிட்டனின் புல்லிட் நிறுவனமே 2024 தொடக்கத்தில் மூடப்பட்டுவிட்டது. சின்ன பிராண்டுகளில் ஆண்ட்ராய்டு பாதுகாப்பு அப்டேட்டும் சீக்கிரம் நின்றுவிடும். அதே போனில்தான் ஜிபே, பேங்க் செயலி எல்லாம் வைத்திருப்போம் என்பதால் இதை லேசாக எடுத்துக்கொள்ள முடியாது.

இதற்கு நேர்மாறான வழியும் உண்டு. 2024-ல் இந்தியாவுக்கு வந்த சாம்சங் எக்ஸ்கவர்7-ல் 4,050 எம்ஏஎச்தான். ஆனால் பின்மூடியைக் கழற்றி பேட்டரியை மாற்றலாம். ஏற்றிய பேட்டரி ஒன்றைக் கூடுதலாக வைத்துக்கொண்டு, மதியம் வண்டிக்குள் உட்கார்ந்து மாற்றிக்கொண்டால் வேலை முடிந்தது. இரண்டு மூன்று வருடத்தில் பேட்டரி களைத்தாலும் போனைத் தூக்கிப் போட வேண்டாம். எனக்குப் பிடித்த வழி இதுதான்.

படி 6: வாங்கிய பிறகு

பல ரக்கட் போன்களில் சார்ஜ் துளை ஆழமாக இருக்கும். சாதாரண கேபிள் முழுதாக உள்ளே போகாது. பெட்டியோடு வரும் நீள முனைக் கேபிளைப் பத்திரமாக வையுங்கள், அதே மாதிரி இன்னொன்று வாங்கி வண்டியில் போடுங்கள். திருப்பித் தரும் காலம் முடிவதற்குள், நீங்கள் வேலை செய்யும் இடத்திலேயே கால், இணையம், ஜிபிஎஸ் மூன்றையும் சோதித்துவிடுங்கள்.

சித்திரை வெயிலில் லாரி டேஷ்போர்டு மேல் வைக்காதீர்கள். சூடேறிய போனைக் கொஞ்சம் ஆறவிட்டு, அதன் பிறகு சார்ஜில் போடுங்கள். பின்பக்கம் உப்பினாலோ மூடி நெம்பினாலோ உடனே அணைத்துவிட்டு, எரியும் பொருள் எதுவும் பக்கத்தில் இல்லாத இடத்தில் வையுங்கள். குத்தவோ அழுத்தவோ வேண்டாம். சர்வீஸ் சென்டரில் கொடுத்து பேட்டரியை மாற்றிய பிறகே மறுபடி சார்ஜ் போட வேண்டும்.