ஸ்டாண்டர்டு ஹெரால்டின் டிரன்னியன்: இறுகிய மரையைக் கழற்றுவதும் மீண்டும் பொருத்துவதும்

இங்கிலாந்தில் 1959-இல் வெளிவந்த ட்ரையம்ஃப் ஹெரால்டு, 1961 முதல் சென்னையில் ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்ற பெயரில் தயாரானது. அந்தக் காரும், 1970-களில் அதன் வழியில் வந்த கேஸலும் இன்னும் நம் ஊர்களில் அன்போடு பேணப்படுகின்றன. இவற்றின் முன்சக்கரம் ஒவ்வொன்றும், டிரன்னியன் எனப்படும் உள்ளங்கை அளவு வெண்கலத் துண்டு ஒன்றை நம்பியே நிற்கிறது. சக்கரத்தைத் தாங்கும் வெர்ட்டிகல் லிங்க் என்ற எஃகுத் தண்டின் அடிமுனை, மரை வெட்டப்பட்டு இந்த வெண்கலத் துண்டுக்குள் இறங்கியிருக்கும். டிரன்னியனோ, சக்கரத்தை வண்டியின் சட்டத்தோடு இணைக்கும் கீழ் ஆர்முடன் ஒரு நீண்ட போல்ட்டால் பிணைக்கப்பட்டிருக்கும். ஸ்டியரிங்கை ஒடிக்கும்போதெல்லாம் தண்டு அந்த மரைக்குள் சுழல்கிறது. ஆகவே இது நட்டையும் போல்ட்டையும் போல இறுக்கிப் பிடிப்பதற்கான மரை அன்று. ஓயாமல் திரும்பிக்கொண்டே இருக்க வேண்டிய மரை. இந்த ஒன்றை மனத்தில் நிறுத்திக்கொண்டால், பின்வரும் வேலை முழுவதும் ஏன் இவ்வாறு செய்யப்படுகிறது என்பது தானே விளங்கும்.

எண்ணெய் வறண்டு தண்ணீர் புகுந்தால் எஃகு துருப்பிடிக்கும், மரை இறுகும். அப்போதும் ஓட்டுநர் ஸ்டியரிங்கை ஒடிக்கத்தான் செய்வார். சுழல வழியின்றித் தண்டு முறுக்கப்படும். ஹெரால்டு 25 அடி வட்டத்துக்குள் திரும்பிவிடும் என்பது அதன் பெருமை. ஆனால் சக்கரம் அவ்வளவு தூரம் ஒடிவதால்தான் இறுகிய தண்டின் மேல் விழும் முறுக்கமும் பெரிதாகிறது. ஒரு நாள் தண்டு டிரன்னியனின் விளிம்பையொட்டி முறிந்து, சக்கரம் மடிந்து விழும். பெரும்பாலும் வண்டியை நிறுத்த மெதுவாகத் திருப்பும்போதே இது நிகழ்கிறது. அதே முறிவு நெடுஞ்சாலையில் நேர்ந்தால் என்னவாகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. ஸ்டியரிங் வழக்கத்தைவிடக் கனமாக இருந்தாலும், வளைவிலிருந்து வெளிவந்த பின் தானாக நேர்நிலைக்குத் திரும்பத் தயங்கினாலும், வண்டியை மேலும் ஓட்டாமல் நிறுத்திவிடுங்கள்.

சமதரையில் பின்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, முன்பக்கத்தை ஜாக்கியால் உயர்த்தி, சட்டத்தின் அடியில் உறுதியான ஸ்டாண்டு வைத்த பிறகே கீழே கை நீட்ட வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி யாரும் இந்த வேலையில் இறங்கக் கூடாது. சக்கரம், டிரம், ஹப் ஆகியவற்றைக் கழற்றி, பிரேக் பாகங்களைத் தாங்கும் பேக் பிளேட்டை அதன் எண்ணெய்க் குழாயான ஹோஸோடு சேர்த்துக் கம்பியால் மேலே கட்டித் தொங்கவிட்டால், பிரேக் எண்ணெயைத் திறக்காமலே வேலை செய்யலாம். ஸ்டியரிங் ராடின் முனையும் மேல் பால் ஜாயின்ட்டும் கூம்புப் பொருத்தத்தில் இருப்பவை. நட்டைச் சில சுற்றுகள் தளர்த்திவிட்டு, கூம்பு அமர்ந்திருக்கும் கண்ணின் ஒரு பக்கத்தில் கனமான சுத்தியலைத் தாங்கலாக வைத்து, மறுபக்கம் மற்றொரு சுத்தியலால் ஓங்கி ஒரு தட்டு தட்டினால் அவை விடுபடும். மரை முனையின் மேல் அடிக்கக் கூடாது. கீழ் ஆர்முக்கு அடியில் ஒரு ஜாக்கியைத் தாங்கலாக வைத்துக்கொள்வதும் நல்லது.

முரண்டு பிடிப்பது அடுத்து வரும், டிரன்னியனைக் கீழ் ஆர்முடன் பிணைக்கும் குறுக்குப் போல்ட்டுதான். அது தான் செல்லும் எஃகுக் குழலோடு துருவால் ஒட்டிப்போயிருக்கும். துரு இளக்கும் எண்ணெயை முந்தைய நாள் மாலையே விட்டு, மறுநாள் காலையில் மீண்டும் விடுங்கள். நட்டைக் கழற்றிய பின் போல்ட்டின் தலையை முதலில் இறுக்கும் திசையில் சற்றே அசைத்து, பிறகு எதிர்த்திசையில் திருப்புங்கள். போல்ட்டோடு குழலும் சேர்ந்து சுழன்றால் மேலும் போராடிப் பயனில்லை. ஆர்முக்கும் டிரன்னியனுக்கும் இடையிலுள்ள இடைவெளியில் ஹேக்சா பிளேடை விட்டு இரு பக்கமும் அறுத்துவிடுவதே நேர்மையான வழி. போல்ட்டு, குழல், நைலான் புஷ் யாவும் புதிதாகப் போட வேண்டியவையே என்பதால் இதில் இழப்பு எதுவும் இல்லை. ஆர்மை நெம்பி வளைத்துவிட்டால்தான் செலவு.

இனி மரை. வலப்பக்கத் தண்டில் வழக்கமான வலது மரையும், இடப்பக்கத் தண்டில் இடது மரையும் வெட்டப்பட்டிருப்பதால், இரண்டையும் ஒரே திசையில் திருப்ப முயன்றால் ஒன்று மேலும் இறுகவே செய்யும். கழற்றுவதற்கு முன்பே பெயின்ட்டால் பக்கத்தைக் குறித்துவையுங்கள். வைஸின் தாடைகளுக்கு மரத்துண்டு கொடுத்துத் தண்டைப் பிடித்து, டிரன்னியனின் மேல் கொதிக்கும் நீரைப் பொறுமையாக ஊற்றுங்கள். வெப்பத்தில் வெண்கலம் எஃகைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு விரியும் என்பதால் மரை சற்றே இளகும். கால் சுற்று முன்னும் பின்னுமாக, இடையிடையே எண்ணெய் விட்டு, அசைவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிச் செல்லுங்கள். கேஸ் தீயால் தண்டைச் சிவக்கக் காய்ச்சுவது, நீண்ட குழாயை மாட்டி இழுப்பது, வெண்கலத்தைச் சுத்தியலால் அடிப்பது ஆகிய மூன்றும் கூடாது. அவற்றால் தண்டுக்கு ஏற்படும் கேடு அப்போது கண்ணுக்குத் தெரியாது, சாலையில்தான் தெரியும்.

கழன்ற தண்டை மண்ணெண்ணெயிலும் பித்தளை பிரஷ்ஷிலும் சுத்தம் செய்து, நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். மேல்முனை மரைகளில் துரு அரித்த குழிகள் இருந்தால், எவ்வளவு அரிய பாகமானாலும் அந்தத் தண்டை ஒதுக்கிவிடுங்கள். வெடிப்பைக் கண்டறிய, மண்ணெண்ணெய் தடவிச் சற்று நேரம் ஊறவிட்டு, உலரத் துடைத்து, சாக்பீஸ் தூளைத் தூவுங்கள். வெடிப்பு இருந்தால் ஈரம் கசிந்து கருங்கோடாகத் தெரியும். கோடு தெரியாததாலேயே தண்டு குறையற்றது என்று சொல்லிவிட முடியாது. ஐயம் இருந்தால் காந்தத் துகள் சோதனை செய்யும் இடத்துக்கு எடுத்துச் செல்லுங்கள். புதிய டிரன்னியன் சற்று இறுக்கமாக இருக்கிறதென்று வால்வு தேய்க்கும் பேஸ்ட்டைத் தடவிச் சுழற்றுபவர்கள் உண்டு. அந்தப் பேஸ்ட்டில் உள்ள அராவும் துகள்கள் மென்மையான வெண்கலத்தில் பதிந்து, பிறகு எஃகை நாள்தோறும் அராவிக்கொண்டே இருக்கும் என்பதால் அதைச் செய்யவே வேண்டாம்.

பொருத்தும்போது மரை முழுவதும் கியர் ஆயில் தடவி, புதிய ரப்பர் சீலைத் தண்டில் ஏற்றி, டிரன்னியனைக் கையாலேயே கடைசிவரை திருகுங்கள். அங்கிருந்து ஒரு சுற்றுக்கு மிகாமல் பின்வாங்கி, குறுக்குப் போல்ட்டின் துளை ஆர்மோடு நேராகும் இடத்தில் நிறுத்துங்கள். பின்வாங்காமல் விட்டால் ஒரு பக்கம் முழுதாக ஒடிக்கும்போது தண்டு அடியில் முட்டும். போல்ட்டின் உடலில் செம்பு கலந்த கிரீஸைத் தடவி, தானாகத் தளராத புதிய நைலாக் நட்டைப் போட்டு, பழுதுபார்ப்புக் கையேடு கூறும் அளவுக்கு இறுக்குங்கள். இரு பக்கமும் முழுதாக ஒடித்துப் பார்த்து, எங்கும் பிடிக்கவில்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

டிரன்னியனில் உள்ள சிறு பிளக்கைக் கழற்றி, நிப்பிள் மாட்டி, கிரீஸ் கன்னில் கிரீஸுக்குப் பதிலாக 90 எண் கியர் ஆயிலை நிரப்பி அடிக்க வேண்டும். கன் எண்ணெயைக் கசியவிடும்; அதைப் பொருட்படுத்தாதீர்கள். சக்கரம் தரையைத் தொடாத நிலையில் மற்றொருவர் ஸ்டியரிங்கை மெல்ல ஒடித்துக்கொண்டிருக்க, மேல் சீலின் அருகில் சுத்தமான எண்ணெய் தலைகாட்டும்வரை அடியுங்கள். நான் வாங்கிய ஹெரால்டுக்கு முன்பு ஒரு பட்டறையில் நல்லெண்ணத்தோடு கிரீஸ் அடித்திருந்தார்கள். கழற்றிப் பார்த்தபோது கீழே மெழுகுபோல் உறைந்த கிரீஸும் மேல் மரைகளில் செந்துருவும் இருந்தன. கிரீஸ் குறுகிய மரை இடுக்கில் ஏறாது, எண்ணெய் ஏறும். அன்றிலிருந்து மூன்று மாதத்துக்கு ஒருமுறையும், மழைக்காலம் முடிந்தவுடன் ஒருமுறையும் எண்ணெய் அடித்துவருகிறேன். ஸ்டாண்டை எடுக்கும் முன் எல்லா நட்டுகளையும் மறுபடி தொட்டுப் பாருங்கள். நூறு கிலோமீட்டர் ஓடியதும் இன்னொரு முறை இறுக்கம் பார்த்து, சக்கர அலைன்மென்ட்டையும் சரிபார்த்துவிடுங்கள்.